இருபத்து நான்காவது கம்பம்

எப்போதும் எனக்கு முன்னால் ஓடிய அண்ணனுக்கு,

நான் ஓட ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதே. நீ விழுந்த பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும், உனக்கு நடந்தது எனக்கும் நடக்கப்போகிறது என்று உட்கார்ந்துவிடுவேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காட்டினேன். "இதயத்துல ஒண்ணும் இல்லம்மா, பயம்தான். மெதுவா நட, அப்புறம் ஓடு" என்றார் டாக்டர். சொல்வது சுலபம்.

அந்த மைதானம் எனக்கு மறக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு உங்களை வரிசையில் நிறுத்தி, உச்சி வெயிலில் ஓட விட்டார்கள். ஏழு நிமிடத்துக்குள் ஆயிரத்து ஐநூறு மீட்டர் ஓடினால் போலீஸ் வேலை. வயிறு நிறைந்தால் மூச்சு வாங்கும் என்று நீ ஒரு டீயோடு போனாய். இரவல் ஷூ. கம்பிவேலிக்கு வெளியே உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு சுற்று நானூறு மீட்டர்; மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் விழுந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அடுத்த வரிசைக்கு விசில் ஊதிவிட்டார்கள். அந்த விசிலை ஊதியவர் வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்குமா?

இப்போது அம்மாவும் நானும் மாமல்லபுரத்தில் இருக்கிறோம். காலையில் கடற்கரைச் சாலையில் வெளியூர்க்காரர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடுகிறார்கள். அவர்கள் விழுந்தால் தூக்கிப்போக கார் பின்னாலேயே வருகிறது. பசிக்காக ஓடுகிறவனுக்குத்தான் யாரும் வருவதில்லை.

முதல் நாள் மூன்று மின்கம்பம். அப்புறம் நடை. இரண்டு வாரத்தில் ஆறு. ஒரு மாதத்தில் பத்து. கம்பத்துக்குக் கம்பம் ஐம்பது மீட்டர் என்று லைன்மேன் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டிருக்கவே கூடாது. நீ விழுந்த தூரம் இருபத்து நான்காவது கம்பம். மூன்று மாதமாக இருபத்து மூன்றில் நின்றுவிடுகிறேன். மூச்சு இருக்கும். கால்தான் வராது.

போன செவ்வாய்க்கிழமை மீன்காரி அஞ்சலையக்கா அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"இன்னாமே, ஓடுறியா, நடக்குறியா? கூடையோட நானே உன்னத் தாண்டிக்கினு போறேன்."

"ஓடிக்கினுதான் கீறேன்கா."

"அதுக்கு ஏன் சாவு வூட்டுக்குப் போறவ மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு கீற?"

சொல்லிவிட்டேன். மூச்சுக்கு நடுவே, துண்டு துண்டாக. எங்கண்ணன் போலீஸ் வேலைக்கு ஓடும்போதே செத்துப்போச்சுக்கா, அத்தத் தூக்கறதுக்குள்ள அடுத்த விசில் ஊதிட்டானுங்க என்று.

அவள் நிற்கவில்லை. "எம்மா நேரம் குடுத்தானுங்க?"

"ஏழு நிமிஷம்."

"உனக்கு எவனாவது விசில் வெச்சிக்கினு நிக்கிறானா?"

"இல்லக்கா."

"அப்ப மெதுவா வா. என் மீனு ஒண்ணும் நீந்திக்கினு பூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. குப்பத்துக்குப் போகும் சந்தில் அவள் திரும்பியபோது நானும் நின்றேன். பின்னால் பார்த்துக் கம்பங்களை எண்ணினேன். நான் நின்றது இருபத்தேழில்.

அப்போதுதான் பயம் வந்தது. சிறுபாலத்துச் சுவரில் உட்கார்ந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, விழப்போகிறேன் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஆனால் வீட்டுக்கு வர அந்த இருபத்து நான்காவது கம்பத்தைத் தாண்டியாக வேண்டுமே. கண்ணை அதன்மேலேயே வைத்து, நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகமாக, ஓடியே தாண்டினேன். நீ ஏன் அங்கே நிற்கவில்லை அண்ணா? ஒரு நிமிடம் நின்றிருந்தால் வேலைதானே போயிருக்கும்?

பஸ் நிறுத்தத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நான் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியதிலிருந்து அவள் அங்கேதான் நிற்கிறாள், தினமும். ஓடாதே என்று சொன்னதில்லை. என் செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பாள். எப்படிப் பிடித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பயம் போகவில்லை. நாளைக்கும் இருக்கும். வேகமாக ஓட மாட்டேன், யாரையும் முந்த மாட்டேன். அம்மா கையிலிருக்கும் செருப்பை ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து வாங்கிப் போட்டுக்கொள்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் செருப்பை இன்னும் வைத்திருக்கும் தங்கை,
மஞ்சு