அம்மாவின் இடது பக்கம்

ஜூலை 11, செவ்வாய்

அம்மா ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து இன்றோடு ஐந்து நாள்.

காலையில் நாலு இட்லி வைத்தேன். தட்டின் வலது பக்கம் இருந்த இரண்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு வைடா நந்தா" என்றாள்.

"தட்டுலயே இருக்கேம்மா."

"எங்க?"

விளையாடவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. தட்டைத் திருப்பி வைத்தேன். "இப்பத்தான் வச்சியா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டாள்.

டாக்டர் சொன்னதுதான். மூளையின் வலது பாதியில் ரத்தக்கசிவு. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதோடு, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவள் மனசுக்கு எட்டவில்லை. கண்ணில் கோளாறு இல்லை, பேச்சும் பழையபடிதான். அவர் சொன்னபோது புரிந்த மாதிரி இருந்தது. தட்டில் மிஞ்சிய இட்லியைப் பார்த்தபோதுதான் நிஜமாகப் புரிந்தது.

ஜூலை 13

மத்தியானம் தூங்கி எழுந்தவள் கத்தினாள். ஓடினேன்.

"யாருடா இங்க படுத்திருக்கா? இந்தக் கைய எடுத்துட்டுப் போகச் சொல்லு!"

அவளுடைய இடது கை. "உன் கைதாம்மா. உன் வளையல் பாரு" என்றேன்.

"என் வளையலத் திருடிப் போட்டிருக்கா."

முப்பது வருஷமாக கான்ட்ராக்டர்களின் ஆட்களுக்கு மெஸ் நடத்தியவள். எழுபது பேர் கணக்கை மனசிலேயே வைத்திருந்தவள். வாசலுக்குப் போய் நின்றேன்.

ஜூலை 16, ஞாயிறு

பிரஷர் 150/90. முதல் மூன்று மாதம் கவனமாக இருங்கள், மறுபடி கசிய வாய்ப்பிருக்கிறது என்று அனுப்பியிருக்கிறார்கள். கவனம்னா என்ன பண்றது? தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். இன்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஏண்டா பொணத்தப் பாக்குற மாதிரி பாக்குற?"

ஜூலை 20

பிசியோ பிரதிமா தீதி வர ஆரம்பித்திருக்கிறார். வாரம் மூன்று நாள். இடது பக்கமாக உட்கார்ந்து, "பாயே தேக்கோ, மாஜி, பாயே" என்று கெஞ்சுகிறார். இடது பக்கம் பாருங்கள் என்று. அம்மா ஜன்னலையே பார்க்கிறாள். ஜன்னல் வலது பக்கம். காலைப் பிடித்து மடக்கப் போனால் தீதியின் கையைத் தட்டிவிட்டாள். "ஹமாரா பேர் டீக் ஹை" என்று தன் மெஸ் இந்தியில் ஒரு அதட்டல், என் கால் நல்லாத்தான் இருக்கு என்று. பிறகு என்னிடம், "என் காலுக்கு என்னடா? மழை விட்டதும் எந்திரிச்சு நடப்பேன். இந்தப் பொம்பளைக்கு வேற வேலையில்லையா?"

தீதி வாசலில் செருப்பு மாட்டும்போது இந்தியில் சொன்னார்: கால் விழுந்தவர்களை நடக்கவைக்க முடியும். கால் விழுந்ததே தெரியாதவர்களை என்ன செய்ய?

ஜூலை 29

லீவு இன்னும் மூன்று வாரம்தான். அப்புறம் தீவுக் கப்பல் டிக்கெட் கவுண்டரில் போய் உட்கார வேண்டும். மரகதம் அக்கா சௌல்தாரி கிராமத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வர முடிகிறது. "ஆள் போடுவோம்டா" என்கிறாள். போடலாம். அம்மா கத்தினால் அந்த ஆள் ஓடிவிட்டால்?

ஆகஸ்ட் 9, புதன்

எழுதத்தான் வேண்டும். இங்கேயாவது.

காலை பதினொன்று இருபது. அம்மா கட்டில் பக்கத்தில் நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். முதலில் தகரக் கூரை கடகடவென்றது. லாரி போகிறது என்று நினைத்தேன். பிறகு அலமாரி டம்ளர்கள். பிறகு தரையே ஒரு பக்கமாக நழுவியது.

நான் ஓடிவிட்டேன்.

யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தால் — தெரியாது. ரோட்டில் நிற்கிறேன், வெறுங்கால், கையில் கஞ்சிக் கிண்ணம். ஒரு சொட்டு சிந்தவில்லை. கிண்ணத்தை விடாமல் கொண்டுவந்திருக்கேன். அம்மாவ விட்டுட்டு வந்திருக்கேன்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரன் அண்ணன் கேட்டார், "தம்பி, அம்மா எங்க?"

அவர் கேட்டபிறகுதான் ஞாபகமே வந்தது. அவர் கேட்காவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்?

உள்ளே ஓடுவதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. அம்மா கட்டிலில் குறுக்காகச் சரிந்து கிடந்தாள். வலது கால் தரையில். வலது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த பிடியை நான்தான் விரல் விரலாக எடுத்துவிட்டேன். உதடு காய்ந்திருந்தது. "நின்னுடுச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

சுனாமி வந்த அன்றைக்கு எனக்குப் பதினாறு வயசு. கடலோரத்து ஜங்லிகாட் மெஸ்ஸில் உலையில் சோறு கொதிக்க, அதை அப்படியே விட்டுவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினவள் இவள். வழியில் ஒருமுறைகூடப் பிடியை விடவில்லை.

ஆகஸ்ட் 10

அந்தக் கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். இன்றைக்குக் கஞ்சி டம்ளரில்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அக்கா வந்தாள். சௌல்தாரியில் சுவர் விரிசல் விட்டதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று கேட்டாள்: "ஆமா, அன்னைக்கு அம்மாவ எப்படிடா வெளிய கொண்டு வந்தே?"

நான் மருந்து டப்பாவைத் திறந்து மாத்திரையைத் தேடினேன்.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "குழந்தையத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்தான். நாந்தான் கனமா இருந்தேன்."

அக்கா என் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நடந்தது என்று நினைக்கிறாளா? கையை யாருடையதோ என்கிறவள்தானே. எது மோசம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 16

இன்று மத்தியானம் தலை வாரிவிடும்போது கேட்டுவிட்டேன். முகம் பார்க்காமல் கேட்கலாம் என்பதால்.

"அம்மா, அன்னைக்கு நான் ஓடிட்டேன்."

"தெரியும்."

சீப்பு அப்படியே நின்றது.

"வாசல் இருக்குற பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியறதில்லடா. ஆனா நீ ஓடுன சத்தம் கேட்டுச்சு." மடியில் உதிர்ந்த முடியை வலது கையால் தட்டிவிட்டாள். "நானும் ஓடத்தான் பாத்தேன். ஒரு கால் இறங்கிடுச்சு. இன்னொண்ணு வரல. வா, வான்னு சொல்றேன். வரவேயில்ல. அப்பத்தான் தெரிஞ்சுது, இத்தனை நாளா நீங்கள்லாம் சொன்னது நெசம்னு."

"அக்காகிட்ட ஏம்மா அப்படிச் சொன்னே?"

"பின்ன என்னடா சொல்லச் சொல்றே?"

அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு இதுதான் முதல் அழுகை. வாயின் ஒரு பக்கம்தான் கோணியது. பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். என்னால் வேறெதுவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 18

தீதி வருவதற்கு முன்பே அம்மா கேட்டாள்: "அந்தப் பொம்பள எப்ப வரும்?"

செப்டம்பர் 10, ஞாயிறு

அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் இருந்தது இப்போது இருவருக்கும். கட்டிலை விட்டு எழுந்து நிற்கும்போது என் தோளை நகம் பதியப் பிடிக்கிறாள். "விட்றாத, விட்றாத" என்கிறாள். அவள் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கேயோ குத்துகிறது. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனாலும்.

பன்னிரண்டு நொடி நின்றாள். தீதி எண்ணினார்.

அக்டோபர் 4

காலையில் "தலை வலிக்குதுடா" என்றாள். அவ்வளவுதான், எனக்கு ஊரே இருண்டுபோச்சு. ஆட்டோவில் ஏற்றும்போது லுங்கியோடு இருந்தேன் என்பதே ஸ்கேன் அறை வாசலில்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம். அக்காவுக்குப் போன் செய்யவும் தைரியமில்லை.

புதிய கசிவு இல்லை. பழையதும் சுருங்கியிருக்கிறது என்றார்கள். திரும்பும்போது அம்மா, "பசிக்குது" என்றாள். நான் ஆட்டோவிலேயே அழுதேன். டிரைவர் கண்ணாடியைத் திருப்பிவைத்துக்கொண்டார்.

அக்டோபர் 22

ஒரு கையால் பிடிக்கிற வாக்கரில் நாலு அடி. இடது கை இனி வராது என்று தீதி நேராகவே சொல்லிவிட்டார். அம்மா கேட்டுக்கொண்டாள். இடது பக்கச் சுவரில் இரண்டுமுறை மோதினாள். மூன்றாவதுமுறை மோதவில்லை.

நவம்பர் 20, திங்கள்

வேலைக்குப் போன முதல் நாள். சம்பளம் இல்லாத லீவும் முடிந்துவிட்டது. இந்த மாதம் முழுக்க அக்கா எங்களோடு இருக்கிறாள்.

கவுண்டரில் ஒரே கூட்டம். பதினொன்றரைக்கு அக்காவே போன் செய்தாள்: "மீன் வாங்க ஜங்லிகாட் வந்தேன்டா, ஆட்டோ கிடைக்கல. அம்மா தனியாத்தான் இருக்கு."

உடனே வீட்டுக்கு அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. வெளியே நின்றவர் கண்ணாடியைத் தட்டினார். ஆறு. ஏழு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடக்கிறாள் என்று என் கண்ணுக்கே தெரிந்தது. ஒன்பதில் தானாக நின்றுவிட்டது.

மறுபடி அடித்தேன். எடுத்தாள்.

"அம்மா! என்னாச்சு? ஏன் எடுக்கல?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. குரலில் பயம் இல்லை, கோபம்.

"போனு ஹால்ல சார்ஜ்ல கிடக்கு. நடந்துதானடா வரணும்? அதுக்குள்ள கட் பண்ணா எப்படி? வை போன, நான் உக்காரணும்."

வைத்துவிட்டாள். அடுத்தவருக்கு ஹேவ்லாக் தீவுக்கு டிக்கெட் கொடுத்தேன்.