சரீபாவின் பிறந்த திகதியும் இலிகிதர் மீதான புகாரும்

அனுப்புநர்:
மீராசா றவூப்,
பத்தாம் ஆண்டு மாணவன்,
கடற்கரை வீதி, மருதமுனை.

பெறுநர்:
பிறப்பு, இறப்புப் பதிவாளர் அவர்கள்,
பதிவாளர் கந்தோர், கல்முனை.

விடயம்: ஏழு பிள்ளைகளின் பிறப்புப் பதிவு விண்ணப்பங்கள் திருப்பித் தரப்பட்டமை

கனம் ஐயா அவர்களுக்கு,

1. சென்ற வெள்ளிக்கிழமை அதிகாலை எங்கள் அயல்வீட்டு வெள்ளாடு இரண்டு குட்டிகளை ஈன்றது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். திகதி, கிழமை, நேரம் யாவும் கூட்டுக் கதவில் கரியால் எழுதப்பட்டுள்ளன. ஆட்டின் சொந்தக்காரி சரீபாவுக்கோ, வயது பத்தாகியும், பிறந்த திகதி எங்கும் எழுதப்படவில்லை.

2. அவளுடைய வாப்பா அப்போது மீன்பிடிக்கும் கரைவலை வாடியில் இருந்தபடியால் பதிவு விடுபட்டது. அவள் பிறந்தது மெய். வகுப்பில் வாய் மூடுவதில்லை என்று அதிபரே உறுதிப்படுத்துவார். இம்மாத முடிவுக்குள் அத்தாட்சிப் பத்திரம் காட்டாவிட்டால் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அவள் பெயரை அனுப்ப முடியாது என்றும் அவரே சொல்லிவிட்டார்.

3. சரீபா உட்பட, 1970இல் பிறந்த இப்படியான ஏழு பிள்ளைகளின் விண்ணப்பங்களை நோன்பு காலத்தில் நானே நிரப்பினேன். தாய்மாருக்குப் பிறைக் கணக்குத் தெரியும், இங்கிலீஷ் திகதி தெரியாது. கணக்கில் எனக்கு நிகர் இந்த ஊரில் இல்லை (அடக்கம் கருதி அயலூர்களைச் சேர்க்கவில்லை). கலண்டரில் பிறையைப் பார்த்து, பக்கத்திலுள்ள இங்கிலீஷ் திகதியை ஏழு பேருக்கும் ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். சரீபா பிறந்தது 1970 நோன்பு, பதினேழாம் பிறை. ஆகவே ஜூலை.

4. தங்கள் இலிகிதர் கனகரெத்தினம் ஐயா ஏழையும் திருப்பித் தந்தார். சரீபா பிறந்த அன்று வளவுக்குள் இடுப்பளவு வெள்ளம், தோணியில்தான் வந்தேன் என்று மருத்துவிச்சி பரீனா மாமி சாட்சி சொன்னதே காரணமாம்; ஒன்று பிழையென்றால் ஏழும் சந்தேகமாம். "ஜூலையில எங்க தம்பி வெள்ளம்? கிணறே வத்திற மாசம்," என்று கந்தோர் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அவசரம், கவனயீனம், அரைகுறை விளக்கம் ஆகிய குற்றங்களுக்காக அவரை விசாரிக்க வேண்டும்.

5. இவ்விடம்வரை எழுதியதைச் சரீபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஆட்டுக்குக் குழை போட்டபடியே, "காக்கா, நோன்பு வருஷா வருஷம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வாறதல்லவா? நான் பிறந்த நேரம் மாரி," என்றாள். நான் பார்த்தது இந்த வருடக் கலண்டர், ஐயா. ஏழு திகதிகளும் பிழை.

6. வேறு தாள் வாங்கக் காசில்லை. ஆகையால் நான்காம் பந்தியில் இலிகிதர் ஐயாவின் பெயர் உள்ள இடத்தில், குற்றங்களைப் பொறுத்தவரை, என் பெயரை வாசித்துக்கொள்ளவும். என்னை ஆறுதலாக விசாரிக்கலாம். திருத்திய விண்ணப்பங்களை மாத்திரம் இம்மாதத்துக்குள் ஏற்று, சரீபாவைப் பரீட்சை எழுத விடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். கனகரெத்தினம் ஐயாவிடம் 1970ஆம் ஆண்டுக் கலண்டர் இருந்தால், அவர் கோபம் ஆறிய பிறகு, இரவல் வாங்கவும் விரும்புகிறேன்.

முன்னிலும் பணிவு கூடிய,
மீ. றவூப்

மருதமுனை,
12.08.1981