வெறும் நீர்க்கட்டி

என்னங்க,

போன மாசம் ஆஸ்பத்திரி நர்ஸ் எனக்குப் போன் பண்ணினாங்க. "தடுப்பூசி வேண்டாம்னு ஏன்மா எழுதிக் கொடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. எந்தத் தடுப்பூசின்னு கேட்டேன். அவங்க என் ஃபைலைப் பிரிச்சு முழுசாப் படிச்சுக் காட்டினாங்க.

வெறும் நீர்க்கட்டிதான், எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே! வருஷா வருஷம் வகுப்புல வெள்ளை அணுவைப் படம் போட்டு நடத்துறவ காதுலயே பூ சுத்தினீங்களா? புற்றுநோய்னு தெரிஞ்சா நான் உடைஞ்சுபோவேன்னு, அது பரவாம தடுக்கிற ஊசியையே வேண்டாம்னு என் பேர்ல எழுதிக் கொடுத்துட்டீங்க. யாரைக் கேட்டு?

நானே போய்க் கையெழுத்துப் போட்டேன். என் ரத்தத்துலேருந்து வெள்ளை அணுக்களை எடுத்து லேப்ல மாத்தியிருக்காங்க. நாளைக்கு எட்டு மணிக்கு அதை எனக்கே ஊசியா போடுறாங்க. பலிக்குமான்னு உறுதியில்லைன்னு டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். மூணு வாரமா நானும் உங்ககிட்ட மறைச்சேன். எப்படி இருக்கு?

வர்றதும் வராததும் உங்க இஷ்டம். பக்கத்து நாற்காலிக்கு வேற யாரையும் கூப்பிடல.

எதிரி யாருன்னு சொல்லிக்கொடுத்துத்தான் அந்த அணுக்களை உள்ள அனுப்புவாங்களாம். கண்ணுக்கே தெரியாத அணுவுக்குச் சொல்லிட்டாங்க. கட்டின பொண்டாட்டிக்குச் சொல்ல உங்களுக்கு வாய் வரல.

இன்னும் உடையாத
உங்கள் மனைவி