உப்பு தேவையான அளவு

மார்ச் 4, செவ்வாய்

ஃபிரிட்ஜில், தயிருக்குப் பின்னால், ஓர் அட்டைப்பெட்டி. சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற ரெடிமேட் சாப்பாடு. ஐந்து நிமிடம் சூடு பண்ணினால் போதுமாம். இந்த வீட்டில் நானும் அக்காவும்தான். நான் வாங்கவில்லை.

அத்தான் போன பிறகு நான்தான் அக்காவை வற்புறுத்திக் கூட்டிவந்தேன். இரண்டு வருடமாக என் சமையல்தான். காலையில் சமைத்து மூடிவைத்துவிட்டு மருந்துக்கடைக்குப் போவேன், இரவுக்கு வந்து சமைப்பேன். இதயம் பலவீனமானவளுக்கு வீட்டுச் சாப்பாட்டைவிட வேறு என்ன மருந்து? கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும்.

மார்ச் 6, வியாழன்

சொல்லவில்லை. இன்று மூன்று பெட்டி.

மார்ச் 9, ஞாயிறு

பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். "என் சாப்பாட்டுக்கு என்னக்கா குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லடா. நல்லா இருக்கு. மத்தியானம் மட்டும் ஒரு மாறுதலுக்கு…" என்று இழுத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் உப்பு குறைச்சுப் போடேன்" என்றாள்.

குறைத்துத்தானே போடுகிறேன்! போன வருடம் டாக்டர் சொன்ன நாளிலிருந்து குறைத்துத்தான் போடுகிறேன். முப்பது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்த கை இது. இதற்குத் தராசு வேறு வேண்டுமா? ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். வைக்கோல் தோற்றது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லிக்கொண்டே மூன்றையும் குப்பைக்கூடையில் போட்டேன். அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். கூடையின் மூடி சரியாக மூடவில்லை, அதை அழுத்தி மூடிவிட்டுப் போனாள்.

மார்ச் 16, ஞாயிறு

பெட்டிகள் ஒழிந்தன. மதியப் பாத்திரம் வழித்துத் துடைத்த மாதிரி காலி. கேட்டால் "நல்லா இருக்குடா" என்கிறாள். அப்படி வா வழிக்கு.

மார்ச் 29, சனி

அக்காவுக்குச் செருப்பு காலில் ஏறவில்லை. வெயில் என்கிறாள். நீர் இறங்கும் மாத்திரையை அவள் மறந்திருப்பாளோ என்று நானே உறை பிரித்துக் கொடுத்தேன். இன்றைக்குப் பருப்பு பிரமாதமாக அமைந்தது.

ஏப்ரல் 2, புதன்

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது மாடி எங்களுடையது, இரண்டாவதைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரி. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. எழுத வரவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண், கையில் ஒரு படிவம்.

"வீட்ல யார் சார் சமையல்?"

"நான்தாம்மா."

"ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு போடுவீங்க?"

"தேவையான அளவு."

"அது எத்தனை கிராம் சார்?"

கடைக்கு வருகிறவர்களில் நாளைக்கு நாலு பேருக்காவது 'உப்பைக் குறைங்க' என்று புத்தி சொல்கிறவன் நான். ஊருக்குத்தான் உபதேசம். அவமானத்தை மறைக்க, "இவங்க கடைப் பெட்டியெல்லாம் வாங்கிச் சாப்பிட்டாங்க, நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அந்தக் கடை அலமாரியில இருக்கிறதுல பாதிக்கு மேல உங்க சமையலைவிட மோசமாத்தான் இருக்கும் சார். ஆனா எவ்வளவு உப்புன்னு அதுல எழுதியிருக்கு. படிச்சுட்டு வேணாம்னு வச்சிடலாம். உங்க பாத்திரத்துல எழுதலையே."

படிவத்தில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்.

ஏப்ரல் 5, சனி

கடைத் தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமைக்கும் முன் உப்பு ஜாடியை நிறுத்தேன். வழக்கம்போலக் கை போன போக்கில் இரண்டு வேளைக்கும் சமைத்தேன். மறுபடி நிறுத்தேன். இருபத்திரண்டு கிராம். இரண்டு பேருக்கு. ஆளுக்குப் பதினொன்று. அக்காவுக்கு அனுமதித்தது ஐந்து.

மாற்றுத்துணி எடுக்க அவள் அலமாரியைத் திறந்தேன். துணிக்கு அடியில் ஒரு பூதக்கண்ணாடி, ஓர் உறை. உறைக்குள் பெட்டிகளிலிருந்து கத்தரித்த அட்டைத் துண்டுகள், பதினெட்டு. ஒவ்வொன்றிலும் உப்பின் அளவைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறாள். பதினைந்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருக்கிறது. மூன்றில் மட்டும் டிக். நான் குப்பையில் போட்டது அந்த மூன்று வகைதான்.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ஏன்க்கா அடிச்சுச் சொல்லல?"

"நாள் பூரா கடையில நின்னுட்டு வந்து சமைக்கிற. அதுல போய்க் குத்தம் சொல்லச் சொல்றியா?"

நீர் இறங்க மாத்திரை கொடுத்ததும் நான்தான், நீர் ஏற உப்பைப் போட்டதும் நான்தான். நல்லா இருக்குடான்னு சொல்லிச் சொல்லியே சாப்பிட்டிருக்கா. பாவி, ஒரு தடவை நிறுத்துப் பாத்திருக்கக் கூடாதா நான்?

ஏப்ரல் 12, சனி

இதயம் ஒரு படி இறங்கிவிட்டதாம். அது இனி ஏறாது என்றார் டாக்டர். மாடிப்படியும் ஏறக்கூடாது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அக்கா மகளின் வீடு தரைத்தளம். அவளே காரோடு வந்துவிட்டாள். அக்கா வாசலிலேயே காரில் உட்கார்ந்திருந்தாள். துணிமணிகளை நான்தான் மூன்று நடையாகக் கீழே கொண்டுவந்தேன்.

"கவலைப்படாதீங்க மாமா. அம்மாவுக்கு என் கையாலயே சமைச்சுப் போடறேன்."

உப்பைப் பற்றிச் சொன்னேன். "தெரியும் மாமா" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு ஆளுக்குச் சமைப்பது ரொம்ப சிரமம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

எனக்கும் ஐந்து கிராம்தான், நிறுத்துத்தான் போடுகிறேன். முதல் வாரம் தொண்டையில் இறங்கவில்லை. இன்று கீரை நன்றாகவே இருந்தது, உப்பு குறைவு என்றே தோன்றவில்லை. நாக்கு பழக மூன்று வாரம் போதும் போலிருக்கிறது.

மூன்றே வாரம். அதைப் பொறுக்காத நாக்குக்காக அக்காவை மாடியிலிருந்து இறக்கிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

போன் செய்தேன். அக்கா மகள் எடுத்தாள். குரலில் பெருமை.

"எல்லாம் வீட்டுச் சமையல்தான் மாமா. அம்மா கடைப் பெட்டி கேட்டாங்க. அந்தக் கண்றாவியெல்லாம் வேணாம்னுட்டேன்."

"உப்பு எவ்வளவும்மா போடறே?"

"தேவையான அளவுதான் மாமா. குறைச்சுத்தான் போடறேன்."

அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"சாப்பாடெல்லாம் எப்படிக்கா?"

"நல்லா இருக்குடா."

"செருப்பு காலுக்கு ஏறுதா?"

பக்கத்தில் மகள் நிற்கிறாள் போல. "இங்கயும் வெயில்டா" என்றாள் அக்கா.

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். நாளைக் காலை முதல் பேருந்து. அக்கா மகள் கோபித்துக்கொள்வாள், முகம் சுண்டிப்போகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தராசைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாயிற்று, பக்கத்திலேயே அந்த உறையும்.