பதினாலாம் துண்டில் கோரை

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? மாமாவுக்கு முட்டி வலி தேவலையா? அப்பா காரியம் முடிஞ்சு கிளம்பினவ, ரெண்டு வருஷமா ஒரு வரி எழுதல. போன் பண்ணினாலும் எடுக்கிறதில்ல. சரி, மானம் ரோஷம் பாக்காம நானே எழுதறேன்.

தோட்டச் சங்கத்துல இருந்து நோட்டீஸ் வந்திருக்கு. உறுப்பினர்களுக்குத் தோட்டம் போடப் பிரிச்சுக் கொடுத்த நிலத்துல அப்பாவோட பதினாலாம் நம்பர் துண்டு மட்டும் காடா கிடக்குன்னு யாரோ புகார் கொடுத்தாங்களாம். ஆகஸ்ட் கடைசிக்குள்ள சுத்தம் பண்ணி ஏதாவது நடணும். இல்லைன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடுமாம். நேத்து போய்ப் பாத்தேன். ஐயோ, கேட்டைத் தள்ளித் திறக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு! இடுப்பு உயரம் முள்ளு, அடியில பாய் விரிச்ச மாதிரி கோரைப்புல்லு. மூலையில அந்த எலுமிச்சை மட்டும் ஜம்முனு நிக்குது.

மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாது. அப்பாவோட பாடுபட்டவ நீதானே. எங்க ஆரம்பிக்கட்டும், சொல்லேன்.

உன் வாலு

*

ஜூன் 9

அடி வாலு,

நீயும் மண்வெட்டியும்! நகத்துல மண்ணு பட்டாலே நாலு தடவை சோப்பு போடறவ ஆச்சே. விழுந்து விழுந்து சிரிச்சேன்.

மாமாவுக்கு மாற்றல் வந்து நாங்க கிளம்பினதும், தனக்கப்புறம் உள்ளூர்ல இருக்கறவ பேர்லதான் இருக்கணும்னு அப்பா துண்டை உன் பேருக்கு மாத்திட்டார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. காரியத்தன்னிக்கு அடுத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தனை வருஷம் குனிஞ்சு நிமிந்தது நான். போகட்டும், பழசை விடு.

முள்ளை வெட்டி ஒதுக்கு. கோரைக்கெல்லாம் பயப்படாதே. கையால பிடுங்கிட்டு உக்காந்தா முதுகு போயிடும். உழவு மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். நல்லா ஆழமா ஓட்டச் சொல்லு, தூள் தூளாகி மண்ணுக்கே உரமாயிடும். அப்புறம் தாராளமா தண்ணி விடு.

எலுமிச்சை பக்கம் மட்டும் மெஷின் போகக் கூடாது. என் பையன் பிறந்த வாரம் நானும் அப்பாவும் வெச்சது. அதுல ஒரு இலை உதிர்ந்தாலும் எனக்கு இங்கேயே தெரிஞ்சுடும்.

அன்புடன்,
அக்கா

*

ஜூலை 4

என் செல்ல அக்காவுக்கு,

நீ 'வாலு'ன்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு! உன் கடிதத்தை பிரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன். வீட்டுக்காரர் கிண்டல் பண்றார், பண்ணட்டும்.

நீ சொன்னபடியே முள்ளை வெட்டினேன். உள்ளங்கை பூரா கொப்புளம், சோறு பிசைய முடியல. மெஷின் விட்டதும் மண்ணு அப்படியே பொலபொலன்னு, பாக்கவே ஆசையா இருந்துச்சு. தினம் தண்ணி விட்டேன். கத்தரி நாத்தும் வாங்கிட்டேன்.

ஆனா அக்கா, இப்ப துண்டு பூரா பச்சைப் பசேல்னு ஊசி ஊசியா முளைக்குது. முன்னாடி இருந்ததைவிட ரெண்டு மடங்கு அடர்த்தி. பக்கத்துத் துண்டு தபால்காரர் எட்டிப் பாத்து, "என்னம்மா, கோரைதான் பயிர் பண்றியா?"ன்னு கேட்டுட்டுப் போறார். நான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் போல. கோச்சுக்காம சொல்லு.

வாலு

*

ஜூலை 11

வாலு,

அதெல்லாம் அப்படித்தான். சாகப் போறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடும். இன்னொரு தடவை குறுக்கால ஓட்டு. உரத்தையும் போடு. பக்கத்துத் துண்டுக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க, காதுல வாங்காதே. நான் உனக்குக் கெட்டதா சொல்லப் போறேன்?

எலுமிச்சை பூ வெச்சிருக்கா?

அக்கா

*

ஆகஸ்ட் 24

அக்கா,

மாமா வந்திருந்தார். நீங்க இந்த ஊருக்கே திரும்பி வரப் போறீங்களாம், வீடு பாக்க வந்தாராம். நீ எனக்குச் சொல்லவே இல்ல.

ஆசையா தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தலையில கை வெச்சுட்டு வரப்புலேயே உக்காந்துட்டார். "யாரும்மா கோரையில மெஷினை விட்டது? அடியில இருக்கற கிழங்கைச் சிதற அடிச்சா ஒண்ணு பத்தாகுமே. உங்க அக்கா மண்வெட்டியைக்கூட விட மாட்டாளே. உக்காந்து ஒவ்வொரு கிழங்கா நோண்டி எடுப்பாளே"ன்னார். யார் சொல்லிக் கொடுத்ததுன்னு கேட்டார். நானாத்தான் பண்ணினேன்னு சொல்லிட்டேன். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியல.

அப்புறம் சங்கத்துக்குப் போனேன். லிஸ்ட்ல அடுத்தது யாருன்னு கேட்டேன். "உங்க அக்காதான்மா. ஊருக்குத் திரும்பற ஆர்டர் வந்ததுமே பேர் கொடுத்துட்டாங்க. புகார் எழுதினதும் அவங்கதானே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னார் செயலாளர். தெரியும்னு தலையாட்டிட்டு வந்தேன்.

நான் தோத்துப் போனதும் நீ வந்து ஒவ்வொரு கிழங்கா எடுத்துக்கலாம்னு நினைச்சே. எடுப்பே, நீ எடுக்கறவதான்.

கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே அக்கா! எனக்கு எதுக்குத் தோட்டம்? நோட்டீஸ் வந்தன்னிக்கு நான் சந்தோஷப்பட்டேன். உனக்கு எழுத ஒரு சாக்கு கிடைச்சுதேன்னு. கை கொப்புளிச்சது பூரா அதுக்காகத்தான். பிரிட்ஜ் மேல ஒட்டியிருந்த உன் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

துண்டு எனக்கு வேண்டாம்னு சங்கத்துல எழுதிக் கொடுத்துட்டேன். செப்டம்பர்ல இருந்து உன் பேர்லதான். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. புது ஆளுக்கும் மூணு மாசம்தான் கெடுவாம். ஞாபகம் வெச்சுக்கோ.

கொடுக்கறதுக்கு முன்னாடி, உன் பேச்சைத் தட்டக் கூடாதுன்னு இன்னொரு தடவை மெஷின் விட்டேன். நல்லா ஆழமா. உரமும் போட்டு, வழிய வழிய தண்ணியும் விட்டிருக்கேன்.

மெஷின்காரர் மூலையில வந்து நிறுத்தி, "எலுமிச்சையைச் சுத்திப் போகவாம்மா?"ன்னு கேட்டார். காய் கொத்துக் கொத்தா இருந்துச்சு. வெட்டிட்டு நேரா ஓட்டுங்கன்னேன். காய்க்கிற மரமாச்சேன்னு திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையேதான் சொன்னேன்.

ஒரு இலை உதிர்ந்தாலும் உனக்கு அங்கேயே தெரிஞ்சுடும்னு எழுதியிருந்தியே. தெரிஞ்சுதா?

இப்படிக்கு,
பதினாலாம் நம்பர் துண்டின் முன்னாள் உறுப்பினர்