கீழே நின்று கயிறு பிடிப்பவள்

ஈப்போ,
16-7-1978

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. சீமையில் தாதியர் இறுதித் தேர்வில் தேறிவிட்டாய் என்று படித்ததும் பக்கத்து வீட்டு சுபைதா அக்காவிடம் போய்ச் சொன்னேன். நெய்ச்சோறு ஆக்கிக் கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இங்கே வெயில். பின்னாலுள்ள மலையில் தினமும் பன்னிரண்டு மணிக்குக் குவாரிக்காரர்கள் வெடி வைக்கிறார்கள். அலமாரிக் கண்ணாடி ஆடுவதைப் பார்த்துத்தான் வெடித்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன். காதில் கோளாறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்டில் தோழிகள் மூன்று பேருடன் சுண்ணாம்புக்கல் பள்ளத்தாக்குக்குப் போய், ஐந்து நாள் கூடாரம் போட்டுத் தங்கிப் பாறை ஏறப்போவதாக எழுதியிருக்கிறாய். படமும் பார்த்தேன். நம் வீட்டு மலையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து, நடுவில் ஆற்றை விட்டது போல் இருக்கிறது. ஒருத்தி ஏறும்போது இன்னொருத்தி கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்வாள், மேலே இருப்பவள் கால் தவறினாலும் கீழே இருப்பவள் விடமாட்டாள் என்று நீ விளக்கியிருந்தது எனக்கு நன்றாகப் புரிந்தது. கடைசி வரியில், “அம்மா சரியென்றால்தான் போவேன், கேட்டு எழுதுங்கள்” என்று எழுதியிருக்கிறாய்.

பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆனது அந்த வரியால்தான்.

ஜனவரியில் இந்த யோசனையை நீ முதலில் எழுதியபோதே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். “கயித்தக் கட்டிக்கிட்டா ஏறப்போறா? செமோர்ல நம்ம ஆடு கயித்த அவுத்துக்கிட்டுல்ல மலை ஏறுச்சு!” என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “விழுந்து கிழுந்து வைக்காம இருக்கச் சொல்லுங்க” என்றாள். அதை அனுமதி என்றே வைத்துக்கொள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாம் செமோர் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது ஒரு தைப்பூசத்துக்கு எல்லாரும் லாரியில் மலைக் கோயிலுக்குப் போனோம். உனக்கு ஏழு வயது. பக்கத்து வீட்டுப் பால்வெட்டுக்காரர் பிச்சைமுத்து மட்டும் படியேறாமல் கீழேயே நின்று எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டார். மாமா ஏன் மேலே வரவில்லை என்று நீ நச்சரித்தாய். அம்மா, “அவுங்க அம்மா தவறி இன்னும் வருசம் திரும்பல. அது வரைக்கும் மலை ஏறக் கூடாதுலா” என்றாள். இறங்கி வந்ததும் உன் தேங்காயில் பாதியை அவரிடம் கொடுத்தாய்.

நவமணி, இந்த வருடம் நீயும் மலை ஏறக் கூடாது.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி அம்மா தவறிவிட்டாள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். நானே கொள்ளி வைத்தேன். முதல் நாள் அவளுக்குப் பேச்சு இருந்தது. “புள்ள பரீட்சை எழுதட்டும். இப்ப ஒன்னும் எழுதிப் போடாதீங்க” என்றாள். அவள் சொன்னது நெஞ்சுவலியைப் பற்றி. நான் அதைச் சாவுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். தந்தி கொடுக்கத் தபால் நிலையம் வரை போய்த் திரும்பி வந்தேன். மே, ஜூன் கடிதங்களில் ‘இருவரும் நலம்’ என்று எழுதினேன். முப்பது வருடம் வாத்தியாராக இருந்து, பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவன் நான். நீ என்னை என்ன சொன்னாலும் தகும்.

யார் ஏறுகிறார்கள் என்று மலை கவனிக்குமா, எனக்குத் தெரியாது. அம்மா அவளுடைய அப்பாவுக்காக ஒரு வருடம் ஏறாமல் இருந்தாள்.

பள்ளத்தாக்குக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போய் வா. அறையில் தனியாக இருக்காதே. தோழிகளிடம் விஷயத்தைச் சொல். அவர்கள் ஏறட்டும், நீ கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள். அடுத்த ஏப்ரல் வரை நானும் இங்கே கீழேதான் நிற்கிறேன்.

கோபம் தீர எத்தனை நாளானாலும் ஆகட்டும். கையை மட்டும் விட்டுவிடாதே, மகளே. ஒரு வரி எழுது.

என்றும் உன் நலம் வேண்டும்
அப்பா
இராமசாமி