கண்ணாடிக்குள் அடித்த மணி

அன்புக் கண்ணு நிர்மலாவுக்கு,

அப்பா நலம், என் தொப்பை என்னைவிட நலம். ஓசூர்க் குளிர் அம்மாவுக்கு ஒத்துக்கொள்கிறதா? மறதி கூடவில்லையே?

வேலம்பாளையத்தில் நான் வேலை செய்யும் காப்பகத்துக்கு விஆர் கண்ணாடி வந்திருக்கிறது. மறதி நோய் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி. அதை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிளை மிதித்தால் கண்முன் தென்னந்தோப்பு ஓடும். நான் மாட்டிப் பார்த்தபோது, எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்கிக் கீழே விழுந்தேன்.

நேற்று கன்னையன் ஐயா மிதித்தார். பனியன் கம்பெனி டெய்லராக இருந்தவர். பயிற்சி முடிந்து மணி அடித்ததும், “ஷிப்ட் முடிஞ்சுதுங்க, ஊட்டுல வேலாத்தா காத்திருப்பா” என்று கண்ணாடியோடு எழுந்து நடந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு போய்விட்டது. பிடிக்கப் போன எனக்கு மணிக்கட்டு வீக்கம்தான்.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த மனைவி வேலாத்தாளிடம், “நீங்க யாருங்க?” என்றார். அந்தம்மா என்னிடம், “கட்டுன நாள்ல இருந்து என்னைய நீங்க, வாங்கன்னு சொன்னதே இல்லீங்க” என்று அழுதார்.

எனக்கு ராத்திரியில் போர்வை போதவில்லை. அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு.

ஞாயிறு போன் செய்கிறேன், அம்மாவிடம் கொடு. “யாருங்க?” என்று கேட்டால், சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடு கண்ணு. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

அப்பா
ரத்தினசாமி